ஒரு சீட், இரண்டு பயணிகள்

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்துக்குக் கீழே, 100 அடி ரோட்டின் ஓரமாக, 2023 கடைசி வரைக்கும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு கூட்டம் நிற்கும். ட்ராலி பேக், பிளாஸ்டிக் கூடை, தோளில் தூங்கும் குழந்தை. மதுரைக்கும் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிறவர்கள். கோயம்பேட்டில் கிளம்பும் ஆம்னி பஸ் வடபழனி, அசோக் பில்லர் தாண்டி இங்கே வந்து இவர்களை ஏற்றிக்கொண்டு கத்திபாரா வழியாகத் தெற்கே போகும். எல்லோர் கையிலும் போன். போனில் ஒரு எஸ்.எம்.எஸ். அதில் இருக்கும் சீட் நம்பரை நம்பித்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அதே நம்பரோடு இன்னொருவரும் வந்து நின்றால்?

ஒரு மேனேஜரைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஐம்பதைத் தாண்டியவர். புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்து, இன்று பத்துப் பதினைந்து பஸ் ஓட்டும் ஒரு கம்பெனியின் ஆபீஸைக் கவனித்துக்கொள்கிறார். எந்த டிரைவர் எந்த ஊர் டீக்கடையில் நிறுத்துவார் என்பதுவரை அவருக்குத் தெரியும். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, இரவு பத்தேகாலுக்கு அவருக்கு போன் வருகிறது.

“சார், 14-ஆம் நம்பருக்கு ரெண்டு பேர் நிக்கிறாங்க. ரெண்டு பேர்கிட்டயும் மெசேஜ் இருக்கு. ஒருத்தங்க கைக்குழந்தையோட வந்திருக்காங்க.”

குழந்தையோடு வந்தவர் ஏறினார். மற்றவரைச் சமாதானப்படுத்தி, பணத்தைத் திருப்பித் தந்து, வேறு கம்பெனி பஸ்ஸில் கெஞ்சி ஒரு சீட் வாங்கி அனுப்புவதற்குள் மணி பன்னிரண்டு. மறுநாள் காலையில் மென்பொருள் பார்க்கும் பையனைக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்டால், கிடைக்கும் பதில் ஒரே வரி: “சிங்க் ஆகல சார்.”

பல அலுவலகங்களில் பேச்சு இந்த இடத்தோடு முடிந்துவிடும். மேனேஜர் தலையாட்டுவார். அது கம்ப்யூட்டர் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று விட்டுவிடுவார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது பாதிக்கு மேல் வியாபார முடிவு. அந்த முடிவை எடுக்கவேண்டியவர் அவர். எடுத்தது யாரென்று பார்த்தால், எப்போதோ இரவு இரண்டு மணிக்கு கோட் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பையன்.

சார்ட் எங்கே இருக்கிறது?

பழைய நாட்களில் பஸ்ஸின் எல்லா உண்மையும் ஒரு அட்டையில் இருந்தது. சீட் வரைந்த காகிதச் சார்ட். கவுன்ட்டரில் இருப்பவர் பென்சிலால் பெயர் எழுதுவார். ஊருக்குள் இருக்கும் ஏஜென்ட்டுகளுக்கு ‘உனக்கு ஆறு, உனக்கு நாலு’ என்று கோட்டா. அவர்கள் விற்றதை போனில் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் இரட்டை விற்பனை. விற்காமல் வைத்திருந்தால் பஸ் காலியாக ஓடும்; அதே நேரத்தில் வேறொரு ஏஜென்ட் வாசலில் ‘சீட் இல்லை’ என்று ஒருவர் திரும்பிப் போயிருப்பார்.

2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக இப்படித்தான் அலைந்து, டிக்கெட் கிடைக்காமல் திரும்பினார் பணீந்திர சாமா என்ற இன்ஜினீயர். பிட்ஸ் பிலானியில் கூடப் படித்த நண்பர்களோடு 2006-ல் அவர் தொடங்கியதுதான் ‘ரெட்பஸ்’. பயணிகளுக்கு ஒரு வெப்சைட் போட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். போதவில்லை. சார்ட் பஸ்காரரிடம் காகிதமாக இருக்கும்வரை வெப்சைட்டும் இன்னொரு ஏஜென்ட்தான், அதற்கும் கோட்டாதான். அதனால் பஸ் முதலாளிகள் தங்கள் சார்ட்டையே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வதற்கு ‘பாஸ்’ என்ற மென்பொருளையும், ஏஜென்ட்டுகள் அதே சார்ட்டைப் பார்த்து விற்பதற்கு ‘சீட்செல்லர்’ என்ற இன்னொன்றையும் அந்த நிறுவனம் கொண்டுவர வேண்டியிருந்தது. பயணி பார்ப்பது சிவப்பு நிற ஆப். தொழில் நின்றது அவர் பார்க்காத அந்தச் சார்ட்டின் மேல்.

ரயில்வே இதை முன்பே செய்துவிட்டது. 1980-களின் நடுவில் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு வந்தது. 2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. வெப்சைட்டில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது அதற்கென்று தனியாக ஒரு சார்ட் போடவில்லை. கவுன்ட்டர் ஜன்னலும் வெப்சைட்டும் ஒரே முன்பதிவு அமைப்பிடம்தான் கேட்கின்றன. வீட்டில் இருப்பவருக்கும் வரிசையில் நிற்பவருக்கும் ஒரே பெர்த் கொடுக்கப்படாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இப்போது நம் மேனேஜரின் 14-ஆம் நம்பருக்கு வரலாம். அவருடைய கவுன்ட்டரில் ஒரு மென்பொருள். வெளியே இரண்டு மூன்று ஆப்கள். கவுன்ட்டரில் இருப்பதன் நகலை அந்த ஆப்கள் வைத்துக்கொள்கின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நகல் புதுப்பிக்கப்படும். ‘சிங்க்’ என்று பையன் சொன்னது இதைத்தான். புதுப்பித்தலுக்கு நடுவில் கவுன்ட்டரில் 14 விற்றுவிட்டது. ஆப்பின் நகலில் 14 இன்னும் காலி. சாதாரண நாளில் அந்தச் சில நிமிடங்களுக்குள் யாரும் அதே சீட்டைக் கேட்க மாட்டார்கள். பொங்கலுக்கு முன்பு கேட்பார்கள்.

இதைச் சரிசெய்ய மூன்று வழி உண்டு. மூன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

பழைய கோட்டா முறைக்கே போகலாம்: ஆப்புக்கு இருபது சீட், கவுன்ட்டருக்குப் பத்து. இரட்டை விற்பனை வராது. ஆனால் கவுன்ட்டரில் நாலு சீட் விற்காமல் கிடக்கும்போது ஆப் ‘ஃபுல்’ என்று காட்டும். அல்லது, ஒரே சார்ட், எல்லோரும் விற்கும் முன் அதனிடம் கேட்டே ஆக வேண்டும் என்று வைக்கலாம். சுத்தமான வழி. ஆனால் அந்தச் சார்ட் இருக்கும் சர்வர் படுத்தால் கவுன்ட்டரிலும் ஆப்பிலும் ஒரு டிக்கெட்கூட விற்க முடியாது. மூன்றாவது, இப்போதிருக்கும் நகல் முறையையே வைத்துக்கொண்டு, மாதத்தில் நாலு இரட்டை விற்பனை வரும், அதற்காக ஒவ்வொரு பஸ்ஸிலும் கடைசி இரண்டு சீட்டை விற்காமல் நிறுத்திவைப்போம் என்று ஏற்றுக்கொள்வது.

எது நல்லது? அது பஸ்ஸைப் பொறுத்தது, பருவத்தைப் பொறுத்தது, அந்த ரூட்டில் போட்டி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இவையெல்லாம் மேனேஜருக்குத் தெரியும். மென்பொருள் பையனுக்குத் தெரியாது. அவரிடம் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. ‘சிங்க்’ என்ற ஒரு சொல்லுக்குள் அது ஒளிந்துகொண்டது.

ஆப்பில் ‘8 சீட் மட்டுமே உள்ளது’ என்று ஓடும் வரியும் இப்படி ஒரு நகல்தான். அது கொஞ்சம் பழசாக இருந்தால் தப்பில்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் ஆயிரம் பேருக்கும் ஒவ்வொரு முறையும் மூலச் சார்ட்டைத் திறந்து காட்டினால் சர்வர் தாங்காது. ஆனால் பணம் கட்டும் அந்தக் கணத்தில் மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். எந்த இடத்தில் நகல் போதும், எந்த இடத்தில் மூலம் வேண்டும் என்பது தெரிந்தவருக்கு ‘ஆர்க்கிடெக்சர்’ என்று சுவரில் ஒட்டியிருக்கும் அந்தக் கட்டம் கட்டமான படத்தில் பாதி புரிந்துவிடும்.

எட்டாவது நிமிடம்

ஒருவர் சீட்டைத் தொடுகிறார். பெயர், வயது போடுகிறார். பணம் கட்டும் பக்கத்துக்குப் போகிறார். இந்த நேரத்தில் அந்தச் சீட் யாருடையது?

சினிமா டிக்கெட் ஆப்களில் சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் சில நிமிடங்கள் அது உங்களுக்காகப் பிடித்துவைக்கப்படும். மேலே கடிகாரம் ஓடும். ரயில் டிக்கெட்டில் அப்படியில்லை. பணம் கட்டி முடித்த பிறகுதான் பெர்த் ஒதுக்கப்படும். தட்கல் நேரத்தில், ஏ.சி.க்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி, ‘அவெய்லபிள்’ என்று பார்த்துப் பணம் கட்டினால் வெயிட்டிங் லிஸ்ட் வருவது இதனால்தான். கோபம் வருகிறது, நியாயம். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நிமிடத்தில் முட்டும் இடத்தில் கேட்டவருக்கெல்லாம் பத்து நிமிடம் பிடித்துவைத்தால், பணம் கட்டும் எண்ணமே இல்லாத ஏஜென்ட் ஒருவர் ஐம்பது பெர்த்தைப் பிடித்துவைத்து விளையாடலாம். ஒரே கேள்விக்கு இரண்டு தொழில்கள் இரண்டு பதில் சொல்லியிருக்கின்றன.

பஸ் கம்பெனிக்கு எது பொருந்தும்? எட்டு நிமிடம் என்று வைப்போம். எல்லா நாளும் எட்டா? பொங்கல் சீசனில் எட்டு நிமிடம் அதிகம். சும்மா பார்க்கிறவர்கள் பிடித்துவைத்த சீட்டெல்லாம் பஸ்ஸை ‘ஃபுல்’ என்று காட்டிவிடும். ஆனால் மூன்று நிமிடமாகக் குறைத்தால், யு.பி.ஐ. பின் நம்பரை மெதுவாகத் தேடி அடிக்கும் அறுபத்தைந்து வயதுக்காரர் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போவார்.

இதில் இன்னொரு முடிச்சு. எட்டாவது நிமிடம் பிடி விட்டது. சீட் திரும்பவும் சார்ட்டுக்குப் போய், வேறொருவர் வாங்கிவிட்டார். ஒன்பதாவது நிமிடம் வங்கியிலிருந்து செய்தி: முதலாமவர் பணம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? உடனே திருப்பி அனுப்புவதா, பக்கத்துச் சீட்டைத் தருவதா, அடுத்த பஸ்ஸில் போடுவதா? பக்கத்துச் சீட்டில் தனியாகப் பயணம் செய்யும் பெண் இருந்தால், அந்தச் சீட்டை ஆணுக்குத் தரக்கூடாது என்ற விதியும் குறுக்கே வரும். ‘தானாக அடுத்த காலி சீட்டைக் கொடு’ என்று மட்டும் எழுதிவைத்திருந்தால், ஒரு நாள் ராத்திரி பஸ்ஸுக்குள் சண்டை நிச்சயம்.

பணம் போகும் பாதை பயணிக்கு ஒரு பட்டன். உள்ளே அது ஒரு ரிலே ஓட்டம். ஆப்பிலிருந்து கம்பெனி சர்வர், அங்கிருந்து பேமென்ட் கேட்வே, அங்கிருந்து பேசுகிற வங்கி, நடுவில் என்.பி.சி.ஐ. 2016-ல் கொண்டுவந்த யு.பி.ஐ., பிறகு பயணியின் வங்கி. பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். பணம் போனபின் பதில் மட்டும் நடுவழியில் தொலைந்துபோவதும் உண்டு. ‘பணம் எடுத்துட்டாங்க, டிக்கெட் வரல’ என்ற போன் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு கணக்கு போட்டுத் தந்தது. யு.பி.ஐ.யில் கடைக்காரருக்குப் பணம் கட்டி, கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டால், 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் போனால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு. இந்த விதி பயணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கவுன்ட்டரில் போன் எடுக்கும் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ‘வங்கியைக் கேளுங்க’ என்று சொல்லி வைப்பதைவிட, ‘அஞ்சு நாளுக்குள்ள வந்துரும்மா, வரலைன்னா இந்த நம்பரைச் சொல்லி வங்கியில புகார் கொடுங்க’ என்று சொல்ல அவரிடம் அந்தப் பரிவர்த்தனை எண் திரையில் தெரிய வேண்டும். தெரிகிறதா என்று மேனேஜர் ஒரு தடவை எழுந்துபோய்ப் பார்த்தால் போதும்.

பதில் வராத பதற்றத்தில் பயணி பட்டனை இன்னொரு முறை அழுத்துவார். இரண்டு தடவை பணம் போகுமா? நல்ல அமைப்பில் போகாது. முதல் முறை அழுத்தியபோதே அந்த வாங்கலுக்கு ஒரு டோக்கன் எண் விழுந்திருக்கும். அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் ‘இது ஏற்கெனவே வந்ததுதான்’ என்று அமைப்பு அடையாளம் கண்டுகொள்ளும். ரேஷன் கடையில் ஒரே கார்டுக்கு ஒரே மாத ஒதுக்கீட்டை இரண்டு முறை வாங்க முடியாது அல்லவா, அது மாதிரி. இதைச் செய்திருக்கிறீர்களா என்று கேட்க மேனேஜருக்கு கோட் தெரிய வேண்டாம். தன் போனிலேயே ஒரு டிக்கெட் போட்டு, பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்க்கலாம்.

கோயம்பேடு எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது?

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. அடுத்த மாதம், ஜனவரி 24 இரவு முதல் தென்மாவட்ட ஆம்னி பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று அரசு சொன்னது. மறுநாள் தைப்பூசம், அதற்கடுத்த நாள் குடியரசு தினம். தொடர் விடுமுறைக்குப் பல நாள் முன்பே டிக்கெட் வாங்கியவர்களின் போனில் ‘ஏறுமிடம்: கோயம்பேடு’ என்றிருந்தது. பஸ் உரிமையாளர்கள் அவகாசம் கேட்டார்கள், அரசு மறுத்தது, அன்று இரவு பெட்டியோடு நின்றவர்கள் எங்கே போவதென்று தெரியாமல் தவித்தார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிப்ரவரியில் வந்த இடைக்கால உத்தரவு கோயம்பேடு கேரேஜ்களில் பயணிகளை ஏற்றி இறக்க அனுமதித்தது. ஆப்களில் எந்தெந்த இடங்களை ஏறுமிடமாகக் காட்டலாம் என்பதும் அதில் பேசப்பட்டது. ஆப்பின் ஓரத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்த ஒரு சின்னப் பட்டியல் நீதிமன்றம்வரை போய்விட்டது.

அரசு சரியா, உரிமையாளர்கள் சரியா என்பது தனிக் கதை. ஆபீஸுக்குள் நடந்தது என்னவாக இருக்கும்? ‘கோயம்பேட்டை எடுத்துட்டு கிளாம்பாக்கம்னு போட்டுரு தம்பி, ஒரு வார்த்தைதானே’ என்று நம் மேனேஜர் சொல்லியிருப்பார். ஒரு வார்த்தைதான். எத்தனை இடத்தில்?

கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் ஒன்று. வெளி ஆப்கள் ஒவ்வொன்றிலும் ஒன்று. அதை மாற்ற அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட்டில் வரும் மேப் லிங்க்கில் ஒன்று. டிரைவர் கையில் தரும் சார்ட்டில் ஒன்று, அதில் நேரமும் மாற வேண்டும், ஏனென்றால் கோயம்பேட்டில் ஒன்பதரைக்கு ஏறுகிறவர் கிளாம்பாக்கத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்? அசோக் பில்லர், ஈக்காட்டுத்தாங்கல், தாம்பரம் என்று நடுவில் இருந்த நிறுத்தங்களுக்கு வாங்கியவர்கள் என்ன ஆவார்கள்? ஏற்கெனவே விற்ற டிக்கெட்டுகளில் இருப்பது பழைய பெயரின் அச்சு. பட்டியலை மாற்றினால் அது தானாக மாறாது, ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்ப வேண்டும்.

அந்த எஸ்.எம்.எஸ்.ஸும் நினைத்தபடி அனுப்ப முடியாது. கம்பெனிகள் அனுப்பும் செய்தியின் வாசகத்தை டெலிகாம் நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிவுசெய்திருக்க வேண்டும் என்பது டிராய் விதி. பெயர், நேரம், சீட் எண் மாதிரி மாறக்கூடிய இடங்களை மட்டும் காலியாக விட்டு மற்ற வாசகம் அப்படியே பொருந்தினால்தான் செய்தி போகும். 2021 மார்ச் 8-ல் இந்தச் சோதனையை முழுதாக அமல்படுத்திய அன்று, நாடு முழுக்க வங்கி ஓ.டி.பி.கூட வராமல் நின்றுபோய், ஒரு வாரத்துக்கு அதை நிறுத்திவைத்தார்கள். ஏறுமிடத்தை ‘மாறக்கூடிய இடம்’ என்று விட்டுப் பதிவுசெய்திருந்த கம்பெனிக்கு ஜனவரி 24 அன்று செய்தி போயிருக்கும். ‘கோயம்பேடு ஆம்னி பஸ் நிலையத்தில்’ என்று வாசகத்துக்குள்ளேயே எழுதிப் பதிந்திருந்த கம்பெனி, புது வாசகத்துக்கு அனுமதி வரும்வரை ஒவ்வொரு பயணியாக போன் போட்டிருக்க வேண்டும்.

நாளை மாறக்கூடியது எது, மாறாதது எது? இதைச் சொல்லும் தகுதி தொழில் தெரிந்தவருக்குத்தான் உண்டு. ஏறுமிடம் மாறும், ஜி.எஸ்.டி. மாறும், கேன்சல் கட்டணம் மாறும். பஸ்ஸில் சீட் இருக்கும் என்பது மாறாது என்று நினைத்திருந்தார்கள். ஸ்லீப்பர் வந்து, ஒரே பஸ்ஸில் கீழே சீட், மேலே பெர்த் என்று ஆனபோது பல மென்பொருள்கள் விழி பிதுங்கின.

கூட்டம் வரும் நாள்

2014 அக்டோபர் 6. ஃப்ளிப்கார்ட் ‘பிக் பில்லியன் டே’ என்று முதல் முறையாக ஊரெல்லாம் விளம்பரம் செய்து கடையைத் திறந்தது. வெப்சைட் தடுமாறியது. விலை மாறியது. கார்ட்டில் போட்டது காணாமல் போனது. பணம் கட்டிய ஆர்டர்கள் ரத்தாயின. பத்து மணி நேரத்தில் 600 கோடி ரூபாய் வியாபாரம் ஆனதாகச் சொன்ன அதே நிறுவனம், மறுநாள் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. நிறுவனர்கள் சச்சின் பன்சால், பின்னி பன்சால் பெயரில் வந்த அந்தக் கடிதத்தில் ஒரு விவரம் இருந்தது: ஏறக்குறைய 5,000 சர்வர்களை வைத்து, வழக்கத்தைப்போல 20 மடங்கு கூட்டத்துக்குத் தயாராகியிருந்தார்களாம். வந்த கூட்டம் அதையும் தாண்டியது.

கடிதத்தைக் கவனமாகப் படித்தால், சர்வர் விழுந்தது ஒரு பகுதிதான். சரக்கு போதாமல் தீர்ந்தது, ஆர்டர் ரத்தானது, விலை குழப்பம், இவையும் அந்த மன்னிப்பில் இருந்தன. எத்தனை பொருள் கையில் இருக்கிறது, எந்த விலையை எப்போது மாற்றுவது, தீர்ந்தால் என்ன சொல்வது, இதெல்லாம் சர்வரின் வேலை இல்லை. யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டியவை.

பஸ்காரருக்கு தீபாவளி, பொங்கல் முன்பதிவு திறக்கும் காலை அப்படிப்பட்ட நாள். எல்லா ரூட்டையும் ஒரே நிமிடத்தில் திறக்காமல், மதுரை பத்து மணிக்கு, நெல்லை பத்தரைக்கு என்று திறந்தாலே கூட்டம் பிரிந்துவிடும். ஒரு பைசா செலவில்லை. இப்படி ஒரு யோசனை மேனேஜரிடமிருந்துதான் வர முடியும்.

தண்ணீர் வந்த இரவு

ஈக்காட்டுத்தாங்கல்காரர்களுக்கு 2015 டிசம்பர் 1-ஐ நினைவூட்ட வேண்டியதில்லை. அடையாறு கரை தாண்டி, ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை தெருக்களுக்குள் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்த எதுவும் மிஞ்சவில்லை. ஆபீஸ் மூலையில் மேசைக்கு அடியில் ‘சர்வர்’ என்று ஒரு பெட்டி வைத்திருந்தவர்கள், அதில்தான் பத்து வருடக் கணக்கு இருந்தது என்பதை இடுப்பளவுத் தண்ணீரில் உணர்ந்தார்கள்.

இன்றைக்கு எல்லாம் க்ளவுடில் என்பார்கள். க்ளவுட் என்றால் மேகம் இல்லை. யாரோ ஒருவரின் கட்டடம். அமேசான் தன் க்ளவுட் மையத்தை 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஹைதராபாத்திலும் திறந்தது. கணக்கு எந்த ஊரில் இருக்கிறது, இன்னொரு ஊரில் நகல் உண்டா, அந்த நகலிலிருந்து ஒருமுறையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்குத்தான் அறையில் மௌனம் நிலவும்.

ஆனால் அந்த வெள்ளத்தில் இன்னொன்றும் நடந்தது. டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி ஆனது அதுவே முதல் முறை என்றார்கள். செய்தி இருந்தது. மெஷினும் இருந்தது. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை, அவ்வளவுதான். எந்த ஆர்க்கிடெக்சர் படத்திலும் ‘அச்சகத்துக்குப் போகும் ரோடு’ என்று ஒரு கட்டம் இருந்திருக்காது.

2024 ஜூலை 19-ல் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளில் வந்த ஒரு தவறான அப்டேட், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையோடு நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? பேனாவும் காகிதமும் எங்கே இருக்கிறது, யார் எழுதவேண்டும் என்று தெரிந்திருந்ததால் விமானம் கிளம்பியது. பஸ் கம்பெனியில் இதற்கு ஒப்பானது, மாலை ஏழு மணிக்குச் சார்ட்டை ஒரு காகிதத்தில் அச்சிட்டு, ஒரு போட்டோ எடுத்து டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அதற்குப் பிறகு சர்வர் செத்தாலும் பஸ் போகும்.

வெள்ளைப் பலகை

மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினியாளர் 1968-ல் ஒரு கட்டுரையில், ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் படியாகவே இருக்கும் என்றார். கவுன்ட்டர்காரரும் ஆன்லைன் பார்ப்பவரும் பேசிக்கொள்ளாத கம்பெனியில், கவுன்ட்டர் மென்பொருளும் ஆன்லைன் மென்பொருளும் பேசிக்கொள்ளாது. 14-ஆம் நம்பர் சீட்டுக்கு இரண்டு பேர் வந்ததன் வேர் அங்கே இருக்கலாம்.

எனவே நம் மேனேஜர் ஒரு மதிய வேளையில் கவுன்ட்டர் பெண், கணக்குப்பிள்ளை, ஒரு டிரைவர், மென்பொருள் பையன் நாலு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, வெள்ளைப் பலகையில் ஒரு டிக்கெட்டின் வழியை வரையச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போன். ஆப். சார்ட். கேட்வே. எஸ்.எம்.எஸ். டிரைவர். ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் இது நின்றால் யாருக்கு முதலில் தெரியும் என்று எழுதச் சொல்கிறார். பெரும்பாலான கட்டங்களுக்கு வந்த பதில் ‘பயணிக்கு’.

கணக்குப்பிள்ளை ஒரு சந்தேகம் கேட்கிறார்: பயணிகளின் கார்டு நம்பர் எங்கே சேமிக்கப்படுகிறது? எங்கேயும் கூடாது என்கிறான் பையன். 2022 அக்டோபரிலிருந்து வியாபாரிகள் அதை வைத்திருக்க அனுமதியில்லை, அதற்குப் பதில் ஒரு டோக்கன்தான். பெயரும் போன் நம்பரும் மட்டும் இருக்கிறது. அதுவும் சும்மா கிடக்கிற விஷயம் இல்லை: 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகுந்த பாதுகாப்பு இல்லாமல் அது கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். டிரைவர், ‘சார்ட்டை நாங்க பஸ் கண்ணாடியில ஒட்டுறோமே, அதுல எல்லார் நம்பரும் இருக்கே’ என்கிறார். யாரும் அதை யோசித்ததில்லை. பெயரும் சீட்டும் மட்டும் ஒட்டினால் போதும் என்று அங்கேயே முடிவாகிறது.

பலகையின் மேல் மூலையில் பையன் கடைசியாக ஒரு கட்டம் போடுகிறான்.

“இது என்னப்பா?”

“நம்ம வெப்சைட் பேர் சார். டொமைன். வருஷா வருஷம் பணம் கட்டணும். கட்டாம விட்டா ஆப், மெயில் எல்லாமே நின்னுடும்.”

“யார் கட்டறா?”

“முன்னாடி இருந்தவர் பேர்ல இருக்கு சார். அவர் சொந்த மெயில் ஐ.டி.ல. ரினியூவல் நோட்டீஸ் எல்லாம் அதுக்குத்தான் போகும்.”

“அவன் வேலையை விட்டுக் கனடா போய் மூணு வருஷம் ஆச்சேப்பா.”

“ஆமா சார்.”

“எப்ப முடியுது?”

பையன் போனில் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்கிறான். “பொங்கலுக்கு முந்தின வாரம் சார்.”

கனடாவில் அப்போது விடியற்காலை மூன்று மணி. மேனேஜர் நம்பரை அழுத்திவிட்டார்.